கண்ணொளி காக்கும் தொண்டு

திருவள்ளூரை அடுத்த பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே, ஊன்றீஸ்வரர் என்னும் திருநாமத்தோடு சிவபெருமான் எழுந்தருளியிருக்கிறார். தேவாரப் பாடல் பெற்ற திருவெண்பாக்கம் என்னும் தலம் இதுவே. சென்னை மாநகரின் குடிநீருக்காக நீர்த்தேக்கம் அமைந்தபோது, பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போயிற்று. மூர்த்திகள் இப்போதுள்ள ஆலயத்தில் பிரதிஷ்டை செய்யப்பெற்றனர். இத்தலத்து இறைவனுக்கு ஊன்றுகோலின் பெயர் அமைந்ததற்குக் காரணமானவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள்.

திருவொற்றியூரில் மகிழ மரத்தின் அடியில், பிரியமாட்டேன் என்று சங்கிலி நாச்சியாருக்குச் சபதம் செய்து கொடுத்தார் சுந்தரர். பின்னர் திருவாரூர் வசந்த விழாவின் நினைவு வந்து வாட்டவே, சபதத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். அக்கணமே இரு கண்களின் ஒளியும் மறைந்தது. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து சேர்ந்து, இறைவனிடம் முறையிட்டார். பெருமான் அங்கே கண்ணைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்தருளினார். அதைப் பற்றிக்கொண்டு நடந்த சுந்தரருக்குக் காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன.

முதலில் கோல், பிறகு ஒரு கண், அதன்பின் மறு கண் என்ற இந்த வரிசை சிந்திக்கத் தக்கது. பார்வை இழந்தோர்க்குச் செய்யும் தொண்டும் இப்படிப் படிப்படியாகவே அமைகிறது. கண் கிடைக்காதவருக்கு நடக்கக் கோல் வேண்டும். பார்வை மங்கியவருக்கு உரிய காலத்தில் மருத்துவம் வேண்டும். கருவிழி பழுதாகிப் பார்வையை இழந்தவருக்கு மற்றொருவர் கண் கொடுத்தாக வேண்டும். இம்மூன்றையும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகத் தன் கடமையாக மேற்கொண்டிருக்கும் அமைப்பு ஒன்று நம் ஊர்களிலும் இருக்கிறது. தமிழில் அரிமா சங்கம் என்று வழங்கும் லயன்ஸ் சங்கமே அது.

ஓர் அம்மையாரின் வேண்டுகோள்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் காப்பீட்டுத் தொழில் செய்து வந்தவர் மெல்வின் ஜோன்ஸ். வணிகர்கள் ஒன்றுகூடித் தங்கள் தொழிலின் லாபத்தைப் பற்றியே பேசிக் கலைவது அவருக்கு நிறைவளிக்கவில்லை. தங்கள் திறமையை ஊர் நலனுக்காகவும் செலவிட்டால் என்ன என்று எண்ணினார். பல சங்கங்களின் பிரதிநிதிகளை 1917-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் கூட்டினார். அங்கிருந்து வளர்ந்ததே லயன்ஸ் இயக்கம்.

அதற்குக் கண் சார்ந்த தொண்டைக் காட்டிக் கொடுத்தவர், கண் தெரியாத ஒரு பெண்மணி. பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது நோயால் பார்வையையும் செவிப்புலனையும் இழந்து, பின்னர் கல்வியில் சிறந்து, உலகப் புகழ் பெற்ற ஹெலன் கெல்லர் அவர். 1925-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தில் நடைபெற்ற லயன்ஸ் மாநாட்டில் அவர் பேசினார். பார்வையற்றோர்க்காக இருளை எதிர்த்துப் புறப்படும் வீரர்களாக நீங்கள் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுகோளைச் சங்கம் தலைமேல் ஏற்றது.

இந்தியாவில் இவ்வியக்கம் 1956-ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கியது. 1992-93-ஆம் ஆண்டில் ரோஹித் சி. மேத்தா, உலக லயன்ஸ் தலைவர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். இன்று ரத்த தானம், பசித்தோர்க்கு உணவு, நீரிழிவு விழிப்புணர்வு, மரம் நடுதல் என்று பல பணிகள் இச்சங்கங்களின் பட்டியலில் உள்ளன. ஆயினும் அரிமா சங்கம் என்றவுடன் ஊர் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது கண் சிகிச்சை முகாமே.

கறுப்புக் கோல் வெண்மையானது

1930-ஆம் ஆண்டு, இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில், பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்கத் தவித்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த கோல் கறுப்பு நிறம். கரிய சாலையில் கறுப்புக் கோல் வண்டி ஓட்டுவோர் கண்ணில் படவில்லை. அதைக் கண்ட அவ்வூர் லயன்ஸ் சங்கத் தலைவர் ஜார்ஜ் போனம், கோலுக்கு வெள்ளை வண்ணம் பூசினால் என்ன என்று எண்ணினார். சங்கம் அக்கருத்தை ஏற்றுக் கோல்களை வழங்கியது; வெள்ளைக்கோல் ஏந்தியவருக்கு வண்டிகள் வழிவிட வேண்டும் என்று நகர மன்றமும் விதி செய்தது. இன்று ஆண்டுதோறும் அக்டோபர் 15-ஆம் நாள் வெள்ளைக்கோல் தினமாக நினைவுகூரப்படுகிறது.

செலவு சிறிது வண்ணம்தான். ஆனால் அதனால் விளைந்த பயன் பெரிது. கோல் ஒன்று கைக்கு வந்தால் பார்வையற்றவர் பிறர் தயவை எதிர்பாராமல் நடக்கிறார், உழைக்கிறார். திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கமலாலயத் திருக்குளம் தூர்ந்திருந்ததைக் கேட்டு, தாமே தோண்டத் துணிந்தார். குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இடையே கயிற்றைக் கட்டி, அதைத் தடவிக்கொண்டு இறங்கி மண்ணைச் சுமந்து ஏறினார். அவருக்குக் கயிறு செய்த உதவியையே இன்றைக்கு வெள்ளைக்கோல் செய்கிறது. சாலையில் வெள்ளைக்கோல் ஏந்தியவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி வழிவிடுவதும், தேவையா என்று கேட்டபின் கைகொடுப்பதும் எவரும் செய்யக்கூடிய தொண்டு.

முகாம் என்னும் வேள்வி

வயது முதிர்ந்தோரின் பார்வை மங்குவதற்குப் பெரும்பாலும் காரணமாவது கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தெளிவை இழந்து பால்போல் வெளுப்பது அது. சொட்டு மருந்தால் இது கரையாது. அறுவை சிகிச்சையே வழி. முன்னாளில் பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் அறுவை நடந்ததையும், அதன்பின் அணிந்த கனத்த சோடாப்புட்டிக் கண்ணாடியையும் மூத்த வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இன்று நிலை மாறிவிட்டது. முகாமில் பரிசோதனை மட்டுமே நடைபெறுகிறது. அறுவை தேவைப்படுவோர் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, தூய்மை காக்கப்பட்ட அரங்கில் சிகிச்சை பெறுகின்றனர். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் பொருத்தப்படுவதால் கனத்த கண்ணாடி தேவையில்லை.

இம்முறை தமிழகத்தில் வேரூன்றியதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பங்கு பெரிது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976-ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரிடம் கொண்ட பக்தியால் அவர் பெயரையே சூட்டினார். இளமையிலேயே மூட்டு வாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயிருந்தும், அவ்விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர் அவர். வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்ததால், 1992-ஆம் ஆண்டு மதுரையிலேயே அதைத் தயாரிக்க ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதே காலத்தில் சென்னையிலும் ஒரு விளக்கு ஏற்றப்பட்டிருந்தது. காஞ்சி ஸ்ரீ ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகள் 1976-ஆம் ஆண்டு மருத்துவர்களிடையே ஆற்றிய உரையின் தூண்டுதலால், டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-ஆம் ஆண்டு சங்கர நேத்ராலயாவை நிறுவினார்.

மருத்துவர்கள் எத்துணைத் திறமை பெற்றிருப்பினும், நோயாளி வந்து சேர்ந்தால்தானே சிகிச்சை? அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் போன்றவற்றின் பணி இங்கேதான் தேவைப்படுகிறது. நாள் குறிப்பது, பள்ளியையோ திருமண மண்டபத்தையோ பெற்றுத் தருவது, சுற்றுவட்டாரக் கிராமங்களில் துண்டுப் பிரசுரமும் ஒலிபெருக்கி அறிவிப்பும் செய்வது, வருவோரின் பெயரைப் பதிவது, வரிசையில் அமர்த்துவது, உணவு வழங்குவது யாவும் தொண்டர்களின் வேலை. விளம்பரப் பலகையில் இவர்கள் பெயர் இருக்கலாம். ஆனால் மூதாட்டி ஒருவரின் கையைப் பிடித்துப் படியேற்றிப் பேருந்தில் அமர்த்தும் இளைஞனின் பெயரை எவரும் கேட்பதில்லை.

தொண்டர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் தடை பணம் அன்று, முதியோரின் மனமே. "வயதாகிவிட்டது, இனி எதற்குக் கண்?" என்பார் சிலர். "கூட வர ஆள் இல்லை" என்பார் வேறு சிலர். புரை முற்றட்டும் என்று காத்திருப்போரும் உண்டு. முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய மருத்துவம் கூறுவது. பார்வை தெளிந்தால் தடுக்கி விழும் அபாயம் குறையும்; பாராயணப் புத்தகத்தை மீண்டும் விரிக்கலாம்; கருவறைத் தீபாராதனையில் சுவாமியின் திருமுகத்தைக் கண்ணாரக் காணலாம். துணைக்கு ஆளில்லாத அண்டை வீட்டாரை முகாமுக்கு அழைத்துச் செல்வது, திருத்தலத்துக்கு அழைத்துச் செல்வதற்கு ஒப்பான புண்ணியம். வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய மூக்குக் கண்ணாடிகளையும் பல அரிமா சங்கங்கள் பெற்றுக்கொள்கின்றன. அவை அளவு பார்க்கப்பட்டுத் தேவையானவரைச் சென்றடைகின்றன.

பணத்தால் வாங்க இயலாத ஒன்று

கண்புரைக்கு லென்ஸைத் தொழிற்சாலையில் செய்துவிடலாம். கருவிழி அப்படியன்று. கைக்கடிகாரத்தின் மேல் உள்ள கண்ணாடிபோல், கண்ணின் முன்புறம் தெளிவாக அமைந்திருக்கும் படலம் அது. நெல் உமியோ முள்ளோ பட்டுப் புண்ணாகியும், கிருமித் தொற்றாலும், ஊட்டச்சத்துக் குறைவாலும், பட்டாசு விபத்தாலும் அது வெளுத்துப் பார்வை போய்விடுகிறது. வெற்றிலைச் செல்லத்தின் சுண்ணாம்பும் குழந்தைகளின் கண்ணில் தெறித்துக் கருவிழியைச் சுட்டுவிடும். ஆதலால் பேரக்குழந்தைகள் உள்ள வீட்டில் சுண்ணாம்பு டப்பாவை எட்டாத இடத்தில் வைப்பது நல்லது. கண்ணில் ஏதேனும் பட்டால் இலைச்சாறு பிழியாமல், தூய நீரால் நன்றாகக் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உலகின் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்று சிகிச்சை 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் நடைபெற்றது. இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த ஓலமோட்ஸ் நகரில் டாக்டர் எட்வர்ட் ஸிர்ம் அதைச் செய்தார். பார்வை பெற்றவர், சுண்ணாம்பு நீற்றும்போது கண்களை இழந்திருந்த ஒரு தொழிலாளி. நம் நாட்டின் முதல் கண் வங்கி, 1819-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில், டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையாவின் முயற்சியால் 1945-ஆம் ஆண்டு அமைந்தது. அண்டை நாடான இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961-ஆம் ஆண்டு தொடங்கிய கண்தான சங்கம், தன் மக்களின் தேவையை நிறைவு செய்ததோடு பல நாடுகளுக்கும் கருவிழிகளை அனுப்பி வருகிறது.

ஒருவர் மறைந்தபின் அளிக்கும் இரு கண்கள் இருவருக்குப் பார்வை தரக்கூடும். இதை விற்கவோ வாங்கவோ சட்டம் இடம் தருவதில்லை. ஒருவர் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே மற்றொருவருக்குக் கிடைக்கும். அரிமா சங்கத் தொண்டர்கள் கண்தான உறுதிமொழிப் படிவங்களைக் கொண்டு வீடு வீடாகச் செல்வதும், துக்க வீட்டின் வாசலில் நின்று தகுந்த நேரம் பார்த்துப் பணிவாகக் கேட்பதும் இதற்காகவே. பணிகளில் இதுவே கடினமானது. சில வீடுகளில் கடுஞ்சொல்லும் கேட்க நேரும். அதையும் பொறுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அடுத்த பிறவி பற்றிய அச்சம்

கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் கண்ணின்றிப் பிறக்க நேருமோ என்ற அச்சம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. இதை ஏளனம் செய்வதில் பயனில்லை; நம் புராணங்களிடமே விடை கேட்கலாம்.

திருவீழிமிழலையில் ஆயிரம் தாமரைகளால் அர்ச்சித்த திருமால், ஒரு மலர் குறைந்தபோது தம் கண்ணையே மலராக இட்டார். அவருக்குக் கிடைத்தது சக்கராயுதம். தேவர்களின் துயர் தீர்க்கத் தம் எலும்பையே தந்த ததீசி முனிவர், தியாகத்தின் வடிவமாக இன்றும் வணங்கப்படுகிறார். திருக்காளத்தியில் ஈசனுக்குத் தம் கண்ணை அப்பிய வேடர் திண்ணனார், கண்ணப்பர் என்னும் திருநாமமும் இறைவனின் வலப்புறத்தில் இருக்கும் பேறும் பெற்றார். கண் கொடுத்தவர் தாழ்ந்ததாக இவ்வரலாறுகளில் எங்கும் இல்லை, உயர்ந்ததாகவே இருக்கிறது.

உடலுக்குச் செய்யும் கிரியைகளுக்கும் இதனால் இடையூறு நேர்வதில்லை. கண் வங்கிக் குழுவினர் வீட்டுக்கே வந்து, அரை மணி நேரத்துக்குள் பணியை முடித்துவிடுவர். இமைகள் மூடிய நிலையில் முகம் இயல்பாகவே தோன்றும். நீராட்டுதல் முதல் வாய்க்கரிசி வரை யாவும் முறைப்படி நடைபெறலாம். இதற்காகக் கட்டணம் ஏதும் இல்லை.

கண்ணப்பர் வைத்த அடையாளம்

கண்ணப்பர் வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. ஈசனின் வலக்கண்ணில் குருதி பெருகியதும் தம் கண்ணை அகழ்ந்து அப்பினார்; குருதி நின்றது. பின்னர் இடக்கண்ணிலும் குருதி வடிந்தது. மறு கண்ணையும் கொடுக்கத் துணிந்தவர் ஒரு கணம் யோசித்தார். இதையும் எடுத்துவிட்டால் ஈசனின் கண் இருக்கும் இடம் தெரியாதே! ஆதலால் தம் காலை அவ்விடத்தில் ஊன்றி முன்னதாகவே அடையாளம் வைத்துக்கொண்டார். அதன்பிறகே அம்பை எடுத்தார். இறைவனின் திருக்கரம் வெளிப்பட்டு அவரைத் தடுத்தது. அன்பின் வேகத்திலும், பின்னால் வரப்போகும் இருளை எண்ணி முன்னேற்பாடு செய்தவர் கண்ணப்பர்.

கண்தானத்தில் தவறிப்போவது இந்த முன்னேற்பாடுதான். உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டு அட்டையைப் பீரோவில் பூட்டி வைப்பவர் பலர். பிள்ளைகளுக்கு அது தெரியாது. உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்பட வேண்டும். இன்று பல குடும்பங்களில் மகன் அமெரிக்காவிலும் மகள் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்வரை குளிர்பெட்டியில் உடலைக் காத்து வைக்கலாம், கண்கள் காத்திரா. நள்ளிரவில் மரணம் நேர்ந்தால், பொழுது விடியட்டும் என்று இருந்துவிடுவோரும் உண்டு. விடிவதற்குள் காலம் கடந்துவிடும்.

ஆகவே மனத்தில் கொள்ள வேண்டியவை இவை. படிவம் நிறைவு செய்திருந்தாலும், மறைவுக்குப் பின் குடும்பத்தாரின் ஒப்புதல் தேவை. படிவமே இல்லாவிடினும் குடும்பத்தார் விரும்பினால் கொடுக்கலாம். வயது தடையன்று. கண்ணாடி அணிபவரும், நீரிழிவு, ரத்த அழுத்தம் உள்ளவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம். எய்ட்ஸ், வெறிநாய்க்கடி நோய், பி மற்றும் சி வகைக் கல்லீரல் தொற்று, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் மறைந்தோரின் கண்கள் பிறருக்குப் பொருத்தப்படுவதில்லை. இதைக் கண் வங்கியினரே ஆராய்ந்து முடிவு செய்வர். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, அவற்றின்மேல் ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் சற்றே உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

மற்ற தொண்டுகளுக்குப் பொருள் வேண்டும். உடலில் வலிமை வேண்டும். எண்பது வயதில் உழவாரப் பணிக்குச் செல்ல இயலாது. முகாமில் நின்று பரிமாறவும் இயலாது. கண்தானத்துக்குத் தேவையானது ஒரு சொல் மட்டுமே. துணைவியிடமோ துணைவரிடமோ, பிள்ளைகளிடமோ, ஆபத்துக்கு முதலில் ஓடிவரும் உறவினரிடமோ அதைத் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் சம்மதத்தை இப்போதே பெற்றுவிடுவது உத்தமம். அருகிலுள்ள கண் வங்கியின் எண்ணையோ அரிமா சங்கத்தின் எண்ணையோ பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசியின் அருகே ஒட்டி வைப்பதும் நன்று.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண்தான இருவார விழா நடைபெறுகிறது. தை மாதம் மிருகசீரிட நட்சத்திரத்தில் கண்ணப்ப நாயனாரின் குருபூஜை வருகிறது. அவ்விரண்டில் எது முதலில் வருகிறதோ, அதற்குள் இச்சொல்லைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிடலாம். யாரென்றே அறியாத இருவர், தம் குழந்தையின் முகத்தையும் கோபுர தரிசனத்தையும் காண, காளத்தியப்பர் அருள் புரிவாராக.